வாந்தி நின்ற பிறகு…

ஆடிப்பெருக்கு அன்று மேட்டூர் அணைப் பூங்காவில் உட்கார இடம் கிடைக்காது. காவிரியில் தலைமுழுகி, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுவிட்டு மரத்தடியில் சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்கும் குடும்பங்களுக்கு நடுவே, லேசாக வயிறு தெரியும் மருமகளும் இருப்பாள். "வாந்திதான் நின்னுடுச்சே, இனி பயமில்ல. நல்லா சாப்பிடு கண்ணு" என்று அவள் தட்டில் சர்க்கரைப் பொங்கல் இன்னொரு கரண்டி விழும்.

பெரியவர்கள் சொல்வது பாதி சரி. நான்காம் மாதம் முடியும்போது பெரும்பாலானவர்களுக்கு மசக்கை அடங்கி, பசி திரும்பிவிடும். இருபதாவது வாரத்தில் கருப்பை தொப்புள் வரை உயர்ந்திருக்கும். தலைப்பிரசவக்காரர்கள் குழந்தையின் முதல் அசைவை 18 முதல் 20 வாரத்துக்குள் உணர்வார்கள். மீன் வாலை ஆட்டுவது போலவோ, வாயு ஓடுவது போலவோ இருக்கும். அடுத்த பிரசவம் என்றால் இன்னும் முன்னதாகவே தெரிந்துவிடும். இடுப்பு வலி, நெஞ்செரிச்சல், வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு எல்லாம் இந்தக் காலத்தில் சகஜம்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். உடம்பு லேசானதும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போகிறது. ஆனால், நாள் தவறினால் பயன் குறைகிற இரண்டு பரிசோதனைகள் இந்த மாதங்களில்தான் வருகின்றன.

ஒன்று, 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு, மூளை, சிறுநீரகம் எல்லாம் சரியாக உருவாகியிருக்கின்றனவா என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள். "ஆணா, பொண்ணா?" என்று வீட்டில் கேட்டால் பதில் கிடைக்காது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதே சேலத்தில்தான். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. முதல் தடவை பார்த்தபோது சரியாக இருந்தது என்று இதை விட்டுவிடக் கூடாது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது இந்தச் சமயத்தில்தான் அதிகமாகிறது. வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரலாம், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென இறங்கும்.

வெறும் வயிற்றோடு வெகுதூரம் பஸ் ஏறி வரவேண்டும் என்றால் கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள். அதை உணர்ந்து எளிய முறையை வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று 2007-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாள்.

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தாலும் பலருக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையுமே போதும். சிலருக்குத்தான் மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். சேலம் பக்கம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ராகிக் களி எவ்வளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறாதாம். களியும் மாவுச்சத்துதான். கால்சியம் நிறைந்த நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் உருண்டையைச் சின்னதாக்கி, கீரைக் கடைசலையும் பருப்பையும் கூட்ட வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் பொரிப்பதைவிடக் குழம்பில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. எனவே மாத்திரையை நிறுத்தாமல், கால்சியம் மாத்திரையோடும் டீ, காபியோடும் சேர்க்காமல் தனியாகப் போட வேண்டும்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாதந்தோறும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் சீர்வரிசையோடு ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும், பதிவு எண் எழுதிய தாய்-சேய் அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.