தம்பி படிப்புக்கு ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி: சமுதாயக் கல்லூரியில் அந்த 40% பாடங்கள் வேஸ்ட்டா?



சம்பளம் வர ஆரம்பிச்சதும் எஸ்ஐபி போடலாமா, டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமான்னு யோசிப்போம். ஆனா நம்மில் பல பேருக்கு அதுக்கு முன்னாடியே ஒரு செலவு வந்து நிக்கும். தம்பி படிப்பு, இல்லைன்னா தங்கச்சி படிப்பு. வீட்டுல முதல் சம்பளக்காரர் நீங்கன்னா, "எந்த கோர்ஸ்ல சேர்க்கலாம்?"ங்கற கேள்வியும் உங்ககிட்டதான் வரும்.

இன்னைக்கு அதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கணக்கு போட்டுப் பார்ப்போம். சமுதாயக் கல்லூரி, அதாவது கம்யூனிட்டி காலேஜ் டிப்ளமோவில் தொழில் பாடத்தோட கூடவே மொழி, கம்ப்யூட்டர், அடிப்படைக் கணக்கு மாதிரி பொதுக்கல்விப் பாடங்களும் கட்டாயம் இருக்கும். "தொழில் கத்துக்கப் போறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்டு, அந்தப் பாடங்கள் இல்லாத குறுகிய கோர்ஸைத் தேடிப் போறவங்க நிறைய. பணத்தோட பார்வையில அது சரியான முடிவா?

ஒரு வீட்டுக் கணக்கு

அடி அண்ணாமலையை எடுத்துக்குவோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில, பெரிய கோயிலுக்கு மலையோட மறுபக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கற ஊர். உங்க வீடு அங்க. நீங்க சென்னையில மாசம் 32,000 ரூபாய் சம்பளம். தம்பி ப்ளஸ் டூ முடிச்சிட்டு கிரிவலப் பாதையில ஒரு லாட்ஜ்ல 11,000 ரூபாய்க்கு ரூம் பாயா இருக்கான். ஃப்ரன்ட் ஆபீஸ் வேலைக்குப் போகணும்னு ஆசை.

முன்னாடி ரெண்டு வழி இருக்கு. கீழே இருக்கற ஃபீஸ், சம்பளம் எல்லாமே உதாரணத்துக்குத்தான். உங்க வீட்டு எண்களைப் போட்டு நீங்களே மாத்திக்கலாம்.

வழி 1: தனியார் பயிற்சி நிறுவனத்தில் 6 மாத ஹோட்டல் கோர்ஸ்.
- ஃபீஸ் 45,000
- 18% ஜிஎஸ்டி 8,100
- 6 மாசம் இழக்கற சம்பளம் 66,000
- மொத்தம் 1,19,100 ரூபாய்

வழி 2: சமுதாயக் கல்லூரியில் 1 வருஷ டிப்ளமோ.
- ஃபீஸ் 20,000
- பஸ், புத்தகம், யூனிஃபார்ம் 10,000
- 12 மாசம் இழக்கற சம்பளம் 1,32,000
- மொத்தம் 1,62,000 ரூபாய்

ஃபீஸ் குறைச்சலா இருந்தாலும் வழி 2-தான் காஸ்ட்லி. காரணம் இழக்கற சம்பளம். ஃபீஸ் ரசீதை மட்டும் பார்க்கறவங்க இதைக் கவனிக்கறதில்ல. பௌர்ணமிக்கும் வாரக்கடைசிக்கும் மட்டும் ஷிஃப்ட் போய் சராசரியா மாசம் 4,000 சம்பாதிச்சா, வழி 1-ல 24,000 குறையும், வழி 2-ல 48,000 குறையும். அப்போ வித்தியாசம் 42,900-லிருந்து 18,900-க்கு வந்துடும்.

இப்போ அப்பா கேட்கற கேள்விக்கு வருவோம். "ஒரு வருஷத்துல பாதி நாள் தமிழ், இங்கிலீஷ்னு போயிடுமேப்பா?"

அந்த 40% எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி முயற்சி நம்ம பக்கத்துலதான் ஆரம்பிச்சது. 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒண்ணு தொடங்குச்சு. 1996-ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்குச்சு. இந்த இயக்கத்தைப் பரப்பினவர்களில் முக்கியமானவர் இயேசு சபை பாதிரியார் சேவியர் அல்போன்ஸ். படிப்பை நடுவுல விட்டவங்க, கல்லூரிக்குப் போக வசதியில்லாதவங்க வேலைக்குப் போகணும்ங்கறதுதான் நோக்கம். ஆனாலும் வெறும் தொழிலை மட்டும் சொல்லிக் கொடுக்கல. வாழ்க்கைத் திறன், வேலைத் திறன், கம்பெனியில் நேரடிப் பயிற்சி, வேலைக்கான தயாரிப்புன்னு பிரிச்சு வச்சாங்க.

அப்புறம் யுஜிசி சமுதாயக் கல்லூரிக்குத் தனித் திட்டம் கொண்டு வந்தப்போ விகிதத்தை எழுத்திலேயே போட்டுட்டாங்க. பொதுக்கல்வி 40%, தொழில்திறன் 60%. கிரெடிட் கணக்கில் பார்த்தா இப்படி வரும்:

- 6 மாத சான்றிதழ்: 30 கிரெடிட் (பொதுக்கல்வி 12, திறன் 18)
- 1 வருஷ டிப்ளமோ: 60 கிரெடிட் (24, 36)
- 2 வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமோ: 120 கிரெடிட் (48, 72)
- 3 வருஷ பி.வோக். பட்டம்: 180 கிரெடிட் (72, 108)

ஒரு கிரெடிட்னா வகுப்பறையில ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 15 மணி நேரம். 24 கிரெடிட்டுக்கு சுமார் 360 மணி நேரம்.

நீங்க ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.காம். படிச்சிருந்தா இது உங்களுக்குப் புதுசு இல்ல. பார்ட் 1 தமிழ், பார்ட் 2 இங்கிலீஷ், பார்ட் 4-ல சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வின்னு படிச்சோமே, அதே யோசனைதான்.

ரூபாயில் பார்த்தா 64,800

1,62,000 ரூபாயை 60 கிரெடிட்டால் வகுத்தா ஒரு கிரெடிட் 2,700 ரூபாய். 24 பொதுக்கல்வி கிரெடிட்டுக்கு 64,800 ரூபாய். தம்பி ரெண்டாவது வழியில போனா, தொழிலுக்கு நேரடியா சம்பந்தமில்லாத மாதிரி தெரியற பாடங்களுக்கு நீங்க கொடுக்கற விலை இதுதான். உங்க ரெண்டு மாச சம்பளம்! அப்பா கேட்கறதுல தப்பே இல்ல.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குதுன்னு பார்ப்போம்.

முதல்ல வேலை. ரூம் பாய்க்கும் ஃப்ரன்ட் ஆபீஸுக்கும் இருக்கற தூரம் பெட்ஷீட் மடிக்கறதுல இல்ல. ஹைதராபாத்திலிருந்து பௌர்ணமிக்கு வர்ற குடும்பத்துக்கு போன்ல புரியற மாதிரி பதில் சொல்லணும். ரமணாசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரருக்கு இங்கிலீஷ்ல ஒழுங்கா ஒரு மெயில் போடணும். ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் 5% ஜிஎஸ்டி, அதுக்கு மேல போனா 18%. சாஃப்ட்வேர் தப்பா பில் போட்டா, "இது எங்கயோ இடிக்குதே"ன்னு கண்டுபிடிக்கற அளவுக்கு சதவீதக் கணக்கு தெரியணும். இதெல்லாம் அந்த 40%-க்குள்ள வர்ற சமாச்சாரம்.

ரெண்டாவது, தம்பி மனசு மாறினா? 18 வயசுல எடுத்த முடிவு 24 வயசுல மாறலாம். ஹோட்டல் வேலையை விட்டுட்டு அக்கவுன்ட்ஸ் பக்கமோ மருத்துவமனை நிர்வாகத்துக்கோ போனா, ஹவுஸ்கீப்பிங்ல எடுத்த கிரெடிட் அங்க பெருசா உதவாது. மொழி, கம்ப்யூட்டர், சுற்றுச்சூழல் மாதிரி பாடங்கள் எந்தப் பட்டத்திலயும் இருக்கு. அதனால இன்னொரு கோர்ஸுக்குக் கொண்டு போக வாய்ப்பு அதிகம் இருக்கறது பொதுக்கல்வி கிரெடிட்டுக்குத்தான்.

மூணாவது, படிப்பைத் தொடர்ற வாசல். அதே துறையில் பி.வோக். சேர்ந்தா, 180-ல் 60 கிரெடிட் கையில இருக்கற மாதிரி அமைச்சிருக்கற திட்டம் இது. வழி 1-ல கிரெடிட் எதுவும் இல்லைன்னா, பட்டப்படிப்பு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கணும்.

நேர்மையா இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். ரெண்டு வழியிலயும் மாசம் 4,000 ரூபாய் சம்பளம் கூடும்னு வச்சுக்கிட்டா, வழி 1-ல போட்ட பணம் சுமார் 30 மாசத்துல திரும்பிடும். வழி 2-ல 40 மாசத்துக்கு மேல ஆகும். தம்பி கண்டிப்பா மேல படிக்க மாட்டான், இதே தொழில்லதான் இருப்பான், நிறுவனத்தைப் பத்தி நல்லா விசாரிச்சாச்சுன்னா வழி 1 மலிவு. மேல படிக்கவோ வேற வேலைக்கு மாறவோ கொஞ்சமாவது வாய்ப்பு இருந்தா, கூடுதலா போகற அந்தப் பணத்தைக் கதவைத் திறந்து வைக்கறதுக்கான பிரீமியமா நினைச்சுக்கோங்க.

அமெரிக்காவில் எப்படி, இங்க எப்படி?

1901-ல் இல்லினாய் மாநிலத்துல ஜோலியட் ஜூனியர் காலேஜ் தொடங்கினதிலிருந்தே, ரெண்டு வருஷம் குறைஞ்ச செலவுல பக்கத்துல படிச்சிட்டு, மீதி ரெண்டு வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் போறது அங்க ஒரு வழக்கம். அதை சாத்தியமாக்குறது பொதுக்கல்விப் பாடங்கள்தான். கலிஃபோர்னியாவில் 2025 இலையுதிர்காலப் பருவத்திலிருந்து 34 யூனிட் கொண்ட ஒரே பாடப்பட்டியல். அதை முடிச்சா அந்த மாநிலத்தோட ரெண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளும் பொதுக்கல்வித் தேவைக்கு ஏத்துக்கும்.

நம்ம ஊர்ல அவ்வளவு சுலபம் இல்ல. 2021-ல் வந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமா ஏபிசி, கிரெடிட்டை வங்கிக் கணக்கு மாதிரி சேர்த்து வைக்குது. பொதுவா அதிகபட்சம் 7 வருஷம் செல்லும். ஆனா கல்லூரி அதுல பதிவு செஞ்சு, மதிப்பெண்ணை ஏத்தினாதான் உங்க கணக்குல விழும். எவ்வளவு கிரெடிட்டை ஏத்துக்கறதுங்கறது சேரப் போற பல்கலைக்கழகத்தோட முடிவு. "கிரெடிட் தானா மாறிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வரிச் சலுகை கிடைக்கும்னு நினைச்சு முடிவெடுக்காதீங்க

என் தொழில்ல அடிக்கடி கேட்கற கேள்வி இது: "தம்பி ஃபீஸை வரியில கழிச்சுக்கலாமா?"

முடியாது. டியூஷன் ஃபீஸ் கழிவு உங்க பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் ரெண்டு பிள்ளைகளுக்கு. தம்பிக்குக் கிடையாது, உங்க சொந்தப் படிப்புக்கும் கிடையாது.

கல்விக்கடன் வட்டிக்கான கழிவில் நீங்க, உங்க கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கற மாணவர், இவங்க படிப்புக்கான கடன் மட்டும்தான் வரும். கூடப்பிறந்தவங்க அந்தப் பட்டியல்ல இல்ல. தம்பிக்காக நீங்க கடன் வாங்கி வட்டி கட்டினாலும் கழிவு கிடையாது. கடனைத் தம்பி தன் பேர்ல வாங்கி, பின்னாடி அவன் சம்பளத்திலிருந்து கட்டினா, பழைய வரி முறையில் அவன் 8 வருஷம் வரைக்கும் வட்டியைக் கழிச்சுக்கலாம். நகைக்கடனோ பர்சனல் லோனோ இதுல சேராது.

புதிய வரி முறையில இந்த ரெண்டு சலுகையுமே இல்ல. அந்த முறையில வருஷம் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்கறவங்களுக்கு வரியே வராததால, உங்கள்ல பல பேருக்கு இந்தக் கவலையே தேவையில்ல.

கடன் கண்டிப்பா வேணும்னா, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு உட்பட்ட கோர்ஸுக்கு வங்கிகள்ல திறன் மேம்பாட்டுக் கடன் இருக்கு. 2015-ல் ஒன்றரை லட்சமா இருந்த உச்சவரம்பை 2024-ல் ஏழரை லட்சமா உயர்த்தினாங்க. மாசம் 3% வட்டிக்கு வெளியில வாங்கறதுக்கு முன்னாடி, பேங்க்ல போய் இதைக் கேளுங்க.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இந்த 5 கேள்வி

1. சான்றிதழ்ல எந்தப் பல்கலைக்கழகத்தோட பேர் இருக்கும்? போன வருஷ மாணவரோட சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்க.

2. மொத்தம் எத்தனை கிரெடிட்? பொதுக்கல்வி எத்தனை, திறன் எத்தனை? பாடத்திட்டத்தை எழுத்துல வாங்குங்க.

3. பொதுக்கல்விப் பாடத்துக்கு ஆசிரியர் யாரு, டைம்டேபிள்ல எத்தனை மணி நேரம்? இது ரொம்ப முக்கியம். நோட்ஸ் கொடுத்துப் பரீட்சைக்கு மட்டும் உட்கார வைக்கற இடமா இருந்தா, அந்த 64,800 ரூபாய் நிஜமாவே வேஸ்ட்தான்.

4. கிரெடிட்டை ஏபிசி-யில் ஏத்துறாங்களா? முடிச்ச மாணவர் ஒருத்தரோட டிஜிலாக்கர்ல கண்ணால பாருங்க.

5. ஃபீஸ் ரசீதுல ஜிஎஸ்டி இருக்கா? சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதிக்கான பாடத்திட்டத்தைக் கல்வி நிறுவனம் நடத்தினா, ஃபீஸுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 18% போட்டிருந்தா, "இந்த சான்றிதழுக்கு என்ன அங்கீகாரம்?"னு உடனே கேளுங்க. ஜிஎஸ்டி இல்லாததால மட்டும் அங்கீகாரம் இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன நிறுவனமா இருந்தா, பதிவே இல்லாம ஜிஎஸ்டி போடாம இருக்கலாம்.

இந்த அஞ்சுக்கும் பதில் வாங்க ஒரு நாள் போதும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது தம்பியைக் கூட்டிக்கிட்டு ரெண்டு இடத்துக்கும் நேர்ல போயிட்டு வாங்க. கேள்விகளை அவனையே கேட்க விடுங்க. படிக்கப் போறது அவன்தானே.

உங்க வீட்டு எண்களைப் போட்டுப் பார்க்கற முறையை வீடியோவிலயும் படிப்படியா பார்ப்போம். அதுவரைக்கும், ரசீது வாங்காம எங்கயும் பணம் கட்டாதீங்க.