தலைப்பேனும் ஒன்பதாம் நாளும்

கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறந்து, இரட்டைச் சடையும் ரிப்பனுமாகப் பெண் குழந்தைகள் பெஞ்சுகளில் தோளோடு தோள் நெருங்கி உட்காரத் தொடங்கிய சில வாரங்களுக்கெல்லாம், செல்வர் வீடென்றும் ஏழை வீடென்றும் பேதமின்றித் தாய்மார்களுக்கு ஒரு கவலை வந்து சேருகிறது. குழந்தை பாடம் படிக்கும்போதும் சொறிகிறாள், தூக்கத்திலும் சொறிகிறாள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சிவந்து தடித்திருக்கிறது. கூந்தலை விலக்கிப் பார்த்தால் ஈரும் பேனும். உடனே அந்தத் தாய்க்கு உண்டாவது விசனத்தைவிட அவமானமே. அண்டை வீட்டில் சொல்லக் கூசுகிறாள்; பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள்; யாரும் அறியாமல் கையில் கிடைத்த எதையாவது தலையில் தடவி ஒரே இரவில் தீர்த்துவிடப் பிரயத்தனம் செய்கிறாள். குழந்தைகளுக்குப் பேனால் வரும் துன்பத்தைவிட இந்தச் சங்கோசத்தாலும் அவசரத்தாலும் வரும் துன்பமே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மதுரையின் மேற்குப் புறத்தில், தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்கள் பஸ் ஏறும் ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டின் இரைச்சலை விட்டு உட்புறத் தெருக்களில் நடந்தால், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் அடங்கிய வளவுகளை இன்றைக்கும் காணலாம். அங்கே பிற்பகலில், குழாயடி வேலைகள் ஓய்ந்த பிறகு, வெளிச்சம் நன்றாக விழும் படிக்கட்டில் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்க, அவள் மடியில் பேத்தி தலை சாய்த்திருப்பாள். இருபுறமும் பல்லுள்ள மரச்சீப்பு ஒன்று பக்கத்தில் கிடக்கும். அதன் நெருக்கமான பல்வரிசையைத் தலைத்தோலில் படிய வைத்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்து, மடியில் விரித்த வெள்ளைத் துணியில் தட்டுவாள். சீப்புக்கு அகப்படாத ஈரை ஒரு மயிரிழையோடு இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கிடையே பிடித்து அடியிலிருந்து நுனிக்கு உருவுவாள். “வலிக்குது அப்பத்தா” என்று சிறுமி நெளிந்தால், “ஆட்டாம இருடி, காதோரத்துல ஒண்ணு ஓடுது” என்று அவள் தலையைத் திருப்பி வைத்துக்கொள்வாள். வேலையற்றவர்களின் பொழுதுபோக்கென்று படித்தவர்கள் இதை அலட்சியமாக நினைக்கலாம். ஆனால் நவீன வைத்திய சாஸ்திரம் பேனுக்குச் சொல்லும் பரிகாரங்களில் பாதிக்கு மேல் அந்தப் படிக்கட்டிலேயே நடந்தேறிவிடுகிறது.

பேன்சீப்பு எத்தனை புராதனமானது என்பதற்கு ஓர் அதிசயமான சான்று இஸ்ரேல் நாட்டில் லாக்கீஷ் என்னும் பழம்பதியின் அகழாய்வில் கிடைத்தது. யானைத் தந்தத்தால் ஆன சிறிய சீப்பு அது; சிக்கெடுக்க ஒரு புறம் தடித்த பற்கள், பேன் வார மறு புறம் நெருங்கிய நுண்ணிய பற்கள். கண்டெடுத்துச் சில ஆண்டுகள் கழித்துத்தான் அதன்மீது கீறப்பட்டிருந்த எழுத்துக்களைக் கவனித்தார்கள். 2022-இல் அறிஞர்கள் அவற்றைப் படித்து வெளியிட்டபோது, தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற பிரார்த்தனையாக அவை இருந்தன. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணிக்கப்படும் அந்த வாசகம், கானானிய நெடுங்கணக்கில் நமக்குக் கிடைத்துள்ள முழு வாக்கியங்களுள் மிகப் பழையது. நம் மதுரைக்கு அருகே வைகைக் கரையிலுள்ள கீழடியிலும் தந்தச் சீப்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றால் பேன் வாரினார்களா, கூந்தலை மட்டும் ஒப்பனை செய்தார்களா என்று அவை சொல்லவில்லை. ஆயினும் சீப்பைக் கையில் எடுத்த எந்தக் காலத்து மனிதரும் பேனை அறியாதவராக இருந்திருக்க முடியாது.

இனி, அந்த ஜந்துவின் சுபாவத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. அதை அறியாததால்தான் நம் முயற்சிகள் பெரும்பாலும் வீணாகின்றன. தலைப்பேனுக்கு இறக்கை இல்லை. தத்துவதற்கேற்ற கால்களும் இல்லை. எள்ளளவே இருக்கும் அது, மயிரைக் கவ்விப் பிடிக்கும் ஆறு கால்களால் ஊர்ந்து, ஒரு தலை மற்றொரு தலையைத் தொடும் சமயத்திலேயே இடம் மாறுகிறது. பத்துக் குழந்தைகள் நெருக்கியடித்துப் போகும் ஷேர் ஆட்டோவும், ஒரே பாயில் மூவர் படுத்துறங்கும் இரவும், ஒரே செல்போனை நான்கு தலைகள் முட்டிக்கொண்டு பார்க்கும் மாலைப்பொழுதும் அதற்குப் போதுமான பாலங்கள். மனித ரத்தமே அதன் ஆகாரம். தலையை விட்டுக் கீழே விழுந்தால் ஓரிரு நாட்களுக்குள் மடிந்துவிடும். நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ நமக்கு வருவதில்லை. நம்மிடமிருந்து அவற்றுக்குப் போவதுமில்லை.

பெண் பேன் ஏறக்குறைய ஒரு மாதம் உயிர் வாழ்ந்து, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முட்டைகள் வரை இடுகிறது. தலைத்தோலின் சூடு வேண்டியிருப்பதால், மயிரின் அடிப்பாகத்தில், தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளேயே முட்டையை ஒரு பசையால் ஒட்டுகிறது. அந்தப் பசை தண்ணீருக்கும் சீயக்காய்க்கும் இளகுவதில்லை. ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவருகிறது. அது மூன்று முறை தோலுரித்து, மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாட்களில் முட்டையிடும் பருவத்தை அடைகிறது. மயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தோலை விட்டு வெகுதூரம் தள்ளி வெண்மையாகப் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் வெற்று ஓடே. அதைக் கண்டு பதறி மறுபடியும் மறுபடியும் மருந்து போடுவது வீண். ஓடுகின்ற பேன் ஒன்றையாவது கண்ணால் கண்டால்தான் மருந்துக்கு அவசியம் உண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. பேன் கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலில் கலப்பதாலேயே அரிப்பு உண்டாகிறது. முதல் தடவையாகப் பேன் பிடித்த குழந்தைக்கு அந்த ஒவ்வாமை தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். ஆகவே குழந்தை சொறியத் தொடங்கும் நாளில் பேன் குடியேறி ஒரு மாதமாகியிருக்கக்கூடும். நேற்று பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் மேல் இன்று பழி சுமத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அழுக்கில் பேன் பிறக்கிறது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அது முழுப் பொய்யும் அன்று. இரண்டு வேறு பேன்களைப் பற்றிய செய்தி ஒன்றாகக் குழம்பியதன் பலன். உடைப்பேன் என ஒன்று உண்டு. அது துணியின் தையல் மடிப்புகளில் வாழ்ந்து, பசித்தபோது உடலுக்கு வருவது. பொருநராற்றுப்படையில், கரிகால் பெருவளத்தானைக் காண வந்த பொருநன், ஈரும் பேனும் குடியிருந்த, வேர்வையில் நனைந்த, வேறு இழையால் தைத்த தன் கந்தையை விவரிக்கிறான். மன்னன் அதை நீக்கி மெல்லிய புத்தாடை அளிக்கிறான். அங்கே பேசப்படுவது உடைப்பேனே. மாற்றுத் துணியும் குளிக்க நீரும் இல்லாத கொடிய வறுமையில் பெருகுவது அது. டைபஸ் என்னும் விஷ ஜுரத்தைப் பரப்புவதும் அதுவே. 1909-இல் டூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்த உண்மையைக் கண்டறிந்தார். மருத்துவமனை வாசல்வரை மற்றவர்களுக்குத் தொற்றிக்கொண்டே வந்த நோய், நோயாளியைக் குளிப்பாட்டி உடையை மாற்றி உள்ளே படுக்கவைத்த பின் யாருக்கும் தொற்றாததைக் கவனித்து, குற்றவாளி உடையில்தான் இருக்கிறான் என்று ஊகித்தார். அதற்காக 1928-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தலைப்பேனோ வேறு. சாதாரணமாக அது எந்த நோயையும் பரப்புவதில்லை. தினமும் தலைக்குக் குளிக்கிற குழந்தைக்கும் எண்ணெய் வழியப் பின்னிய குழந்தைக்கும் ஒன்று போலவே வருகிறது. தண்ணீருக்குள் மணிக்கணக்கில் மூச்சடக்கியும் கிடக்கும். மல்லிகைப்பூ வைப்பதால் பேன் வருகிறது என்பதும் வெறும் பேச்சே. சொறிந்த புண்ணில் சீழ் வைத்துக் கழுத்தில் நெறி கட்டினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதைத் தவிர, இதில் அஞ்சுவதற்கு அதிகம் இல்லை. வெட்கப்படுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் பேனைக் கொல்வதாக நினைத்து நாம் பிரயோகிக்கும் சில பொருள்களுக்கு அவசியம் அஞ்ச வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். தோலை எரிப்பதோடு, அடுப்பருகே போன குழந்தையின் தலை தீப்பற்றிக்கொள்ளும் அபாயமும் அதில் உண்டு. மூட்டைப்பூச்சிக்கும் கரப்பான்பூச்சிக்கும் வைத்திருக்கும் பொடிகளும், வயலுக்கு அடிக்கும் மருந்துகளும் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து நரம்புகளைத் தாக்குபவை; அவற்றைக் குழந்தையின் சிரசில் வைப்பதை மன்னிக்க முடியாது. சீத்தாப்பழ விதையின் விஷயம் இன்னும் கொடுமையானது, ஏனெனில் இயற்கையானது என்ற நம்பிக்கையோடு அதை உபயோகிக்கிறோம். சீத்தாப்பழக் காலத்தில் விதைகளைச் சேர்த்து உலர்த்தி இடித்து வைத்து, எண்ணெயில் குழைத்துத் தலையில் அப்புகிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பொடி பேனைக் கொல்வது உண்மையே. குளிக்கும்போது ஒரு துளி கண்ணில் வழிந்தாலோ, விழியின் கருவிழிப்படலம் புண்ணாகிப் பொறுக்க முடியாத வலியும் கூச்சமும் பார்வை மங்கலும் ஏற்படுகின்றன. தென்னிந்தியாவில் இப்படிக் கண் கெட்டு வந்தவர்களைப் பற்றிக் கண் வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இடித்து வைத்திருப்பவர்கள் தயவு செய்து இன்றே அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? மருந்துக் கடைகளில் பெர்மெத்ரின் என்ற மருந்து நூற்றுக்கு ஒரு பங்கு கலந்த லோஷனாகக் கிடைக்கிறது. செவ்வந்தியின் உறவான ஒரு பூவில் இயற்கையாக உள்ள பூச்சிக்கொல்லிச் சத்தைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது அது. சொறிசிரங்குக்கு விற்கும் ஐந்து பங்குக் களிம்பு வேறு. கடையில் கேட்கும்போது பேனுக்கு என்று தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். எண்ணெய்த் தலையில் இந்த மருந்து சரியாகப் படியாது. ஆகவே முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரம் ஒற்றி, கண்களைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லி, காதுக்குப் பின்னும் பிடரியிலும் விடாமல் தலை முழுவதும் தடவி, பத்து நிமிஷம் வைத்திருந்து, குழந்தையைக் குனிய வைத்துத் தண்ணீர் உடம்பில் வழியாதபடி அலச வேண்டும். அப்புறம் ஓரிரு நாள் தலைக்கு ஊற்றாமல் இருப்பது உத்தமம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவதே நாம் எல்லோரும் ஏமாறும் இடம். மருந்து, ஊர்கின்ற பேனைக் கொல்லும். ஓட்டுக்குள் இருக்கும் கருவை முழுவதுமாகக் கொல்லாது. ஒரு வாரம் தலை அமைதியாக இருக்கும். தாய் நிம்மதியாக மூச்சு விடுவாள். அந்த வாரத்துக்குள் தப்பிய முட்டைகள் பொரியும். இன்னும் சில நாட்களில் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாமே முட்டையிடும். மருந்து போலி என்று கடைக்காரனைத் திட்டுவோம். முதல் நாள் தப்பிய முட்டைகள் ஏறக்குறைய எல்லாம் பொரிந்திருக்க வேண்டும், பொரிந்த குஞ்சு ஒன்றும் முட்டையிடும் பருவத்தை எட்டியிருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்துவது ஒன்பதாம் நாள். அன்று இரண்டாம் முறை மருந்திட்டால்தான் வம்சம் அறும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால், அன்றைய தினத்தைச் சேர்க்காமல் மறுநாளிலிருந்து எண்ண, அதற்கடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை அந்த நாள் வருகிறது. பெண்கள் தலைமுழுகும் நாளாகவே வாய்ப்பது நமக்குச் சௌகரியமுங்கூட.

மருந்திட்டு எட்டு மணி, பத்து மணி நேரமாகியும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அவை அந்த மருந்துக்குப் பழகிவிட்டவை என்று கொள்ள வேண்டும். உலகின் பல பகுதிகளில் இப்படி நேர்ந்திருக்கிறது. அப்போது அதையே அளவு கூட்டிப் போடாமல், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ வேறு வைத்தியரிடமோ போவதுதான் விவேகம். பேனை மூச்சடைக்கச் செய்யும் டைமெத்திகோன், பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எடை பார்த்துக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை என்று அவர்களிடம் வேறு வழிகள் உண்டு.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குச் சீப்பு இருக்கிறது. நனைந்த தலையில் பேன் ஓடாமல் பற்றிக்கொண்டு நிற்கும். கண்டிஷனரையோ எண்ணெயையோ நிறையத் தடவிச் சிக்கெடுத்த பின், பேன்சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து அடியிலிருந்து நுனிவரை வார வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். நான்கு நாட்களுக்கு ஒரு முறையாக இரண்டு வாரம் இப்படிச் செய்ய வேண்டும். அடர்ந்த நீண்ட கூந்தலானால் ஒரு மணி நேரம்கூட ஆகும். பொறுமை உள்ள கை இதற்குத் தேவை. மருந்து போட்டவர்களும் இடையிடையே வாரிப் பார்ப்பது அவசியம். தலையணை உறை, துண்டு, ரிப்பன் முதலியவற்றைக் கொதிநீரில் நனைத்துத் துவைத்து வெயிலில் காய வைத்தால் போதும். வீடு முழுதும் பூச்சிமருந்து அடிக்க வேண்டியதில்லை.

மொட்டையடித்தால் பேன் போய்விடும், சந்தேகமில்லை. அழகர்கோயிலிலும் பழனியிலும் நேர்த்திக்கடனாக முடியிறக்குவது வேறு. பத்து வயதுச் சிறுமியை, அவள் அழ அழ, பேனுக்காக முடி இழக்கச் செய்து வகுப்பில் தலைகுனிய வைப்பது வேறு. ஒரு சீப்பும் இரண்டு வாரமும் போதுமான காரியத்துக்கு அந்தத் தண்டனை வேண்டாம். அப்படியே, பேன் உள்ள பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவதும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி போன்ற அமைப்புகள்கூட, பேனைக் காரணமாகக் காட்டி எந்தக் குழந்தையையும் வகுப்பிலிருந்து விலக்க வேண்டாமென்றே சொல்கின்றன.

ஒரு வீட்டில் மட்டும் ஒழித்துப் பயனில்லை. எதிர்வீட்டுத் தலையிலிருந்து பத்தே நாளில் திரும்பி வரும். ஆரப்பாளையத்து வளவுகளைப் போல வாசலையும் குழாயையும் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இருக்கும் தாய்மார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கூச்சத்தை விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும், ஆண் பிள்ளை, அம்மா, அப்பத்தா உட்பட, எல்லோர் தலையையும் பாருங்கள். பேன் கண்டவர்களுக்கும் அவர்களோடு ஒரே பாயில் படுப்பவர்களுக்கும் அன்றே மருந்திடுங்கள். அன்று இரவே, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒன்பதாம் நாளின் தாளை மடித்து அடையாளம் செய்து வையுங்கள்.