மலைவழிக்கு இறைச்சி வற்றல்

மலைநாட்டிற்கு நடைப்பயணம் புறப்படவிருந்த மாணவர் சிலர் அண்மையில் எம்மிடம் வந்தனர். மூன்று நாளைக்குக் கெடாததும் முதுகுக்குப் பாரமாகாததுமான உணவு யாது என்பது அவர்கள் வினா. பிஸ்கோத்தும் நூடில்ஸும் சலித்துவிட்டனவாம். கருவாடு காயும் கரையிலே பிறந்தவர்கள் இவ்வினாவைக் கேட்டது எமக்குச் சிறிது வியப்பாயிருந்தது. நீரை நீக்கினால் பாரமும் குறையும், பழுதும் குறையும் என்பதை எம்மவர் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் இறைச்சியை உலர்த்துவதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அதனை அறியாது இம்முயற்சியில் இறங்கலாகாது.

உலர்ந்த இறைச்சி தமிழர்க்குப் புதியதன்று. சங்க நூல்களில் அதற்கு ‘வாடூன்’ என்று பெயர். தமிழகத்தில் இன்றும் உப்புக்கண்டம் போடுகிறார்கள். வன்னியில் மான், மரை முதலியவற்றின் வற்றல் முன்னாளில் பேர்பெற்றது. அவ்விலங்குகள் இப்போது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஆதலால் நாம் பேசுவது கடையில் வாங்கும் ஆட்டிறைச்சியைப் பற்றியே. வேடர்கள் மரப்பொந்திலே தேனை வார்த்து, அதில் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கென்று வைத்திருந்ததை றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலிலே எழுதியிருக்கிறார். தேன் செய்வதும் உப்புச் செய்வதும் ஒன்றே: இரண்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிருமிக்குக் கொடாமல் விடுகின்றன.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைவாசிகள் பச்சை இறைச்சியையே உலர்த்திச் ‘சார்க்கி’ ஆக்கினர். தென்னாபிரிக்கர் ‘பில்ரோங்’ செய்வதும் பச்சை இறைச்சியிலேதான். அவற்றைப் பார்த்து நாமும் அவ்வாறே செய்யலாமென எண்ணுவது தவறு. அந்தீஸில் இரவுக் குளிர் இறைச்சியை உறையச் செய்யும்; காற்றும் வறண்டது. எமது குடாநாட்டைச் சூழ்ந்திருப்பதோ கடல்.

எமது வீட்டிலேயே ஒருமுறை இது நேர்ந்தது. உப்பும் மஞ்சளும் பிரட்டிய பெரிய துண்டுகளை நூலிற் கோத்து வெயிலிலே தொங்கவிட்டோம். இரண்டாம் நாளே மேற்புறம் தோல்போல் இறுகிவிட்டது. காய்ந்துவிட்டதென்று மகிழ்ந்து போத்தலில் அடைத்தோம். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. இறுகிய மேற்புறம் உள்ளிருந்த ஈரத்தை வெளியேற விடாமல் தடுத்துவிட்டது. வீட்டில் நேர்ந்தமையால் பூனைகூடத் தொடாத அப்பொருளை வளவிலே புதைத்ததோடு தொல்லை தீர்ந்தது. வைத்தியசாலைக்கு ஒருநாள் நடைத்தூரத்திலுள்ள மலையில் இளைஞர் வயிற்றில் அது சென்றிருந்தால்?

வெயில் ஈரத்தை வாங்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. உலர்ந்த நிலையில் கிருமிகள் வெப்பத்தையும் முன்னிலும் அதிகமாகத் தாங்கும். அதனாலேயே உலர்த்துவதற்கு முன் இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டுமென அமெரிக்க விவசாயத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. எமது குசினியின் பாஷையிற் சொன்னால், முதலில் அவியுங்கள். பிறகு காய வையுங்கள்.

தொடை இறைச்சி ஒரு கிலோ வாங்கிக் கொழுப்பை முழுவதும் வெட்டி எறிந்துவிட வேண்டும். கொழுப்பு உலராது, சில நாளிற் காறலெடுக்கும். தேங்காய்ப்பாலையும் இக்காரணம் பற்றியே விலக்குகிறோம். பால் விடாத இறைச்சிக்கறியா என்று பாட்டிமார் முகஞ்சுளிப்பர். மலையுச்சியில் அவர்கள் பார்க்கப்போவதில்லை. உப்பு, மஞ்சள், மிளகு, கறித்தூள் சேர்த்து, எண்ணெய் விடாது, நீர் வற்றும்வரை நன்றாக அவித்து இறக்குங்கள். ஆறியதும் நார்நாராகப் பிய்த்துவிடுங்கள். இப்பிய்த்தலிலேதான் முழு வெற்றியும் இருக்கிறது: மெல்லிய நார் விரைவிற் காயும், உள்ளே ஈரம் ஒளிந்துகொள்ள இடமிராது.

காலை ஒன்பது மணிக்குள் சுத்தமான தட்டில் பரப்பி, இலையான் மொய்க்காமல் நுளம்பு வலையால் மூடி, நல்ல வெயிலில் வையுங்கள். மாலை நான்கு மணிக்கும் நார் மெத்தென்றிருந்தால் மறுநாளைக்கென்று வைக்காதீர்கள். அன்றே தாச்சியில் சிறு தணலிலிட்டு ஈரம் போக வறுத்தெடுங்கள். மின்சாரப் போறணை உள்ளவர்களுக்கு வெயிலே வேண்டா. 60 முதல் 70 பாகையில் கதவைச் சிறிது திறந்துவைத்துச் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். வளைத்தால் நொறுங்குவதே பதம். இறைச்சியில் ஏறக்குறைய முக்காற் பங்கு நீராதலால், ஒரு கிலோ மூன்றிலொரு பங்கு அளவாகச் சுருங்கிவிடும்.

ஆறவைத்துக் கண்ணாடிப் போத்தலில் இட்டு இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். உட்புறம் வியர்த்தால் இன்னும் ஈரம் உண்டு. வியர்த்தது முதல் நாளாயின் மீண்டும் உலர்த்தலாம். பிந்திக் கண்டால் எறிந்துவிடுவதே நன்று. எமது வெப்பத்தில் இரண்டு கிழமைக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.

கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. அதில் இரண்டு மூன்று பகுதிகளை நடப்பவருக்கு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பிடி வற்றல் போதும். அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, அரிசியோடும் பயறோடும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கஞ்சி ஆயத்தம். ஒடியல் மாவையும் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். அதன் கைப்புப் போக ஊறவைத்து நீரை வடிக்க வேண்டும். மலையில் அவ்வளவு நீருக்கு எங்கே போவது? அவித்துக் காயவைத்த புழுக்கொடியலே வழிக்கு ஏற்றது, நடந்துகொண்டே கடிக்கலாம். சிவனொளிபாதத்துக்கோ கதிர்காமத்துக்கோ செல்வோர் விரதம் காப்பவராதலின் அவர்களுக்கும் அதுவே துணை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். தை, மாசியில் வெயில் உண்டு, பனியும் உண்டு. பொழுதுபடுமுன் தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். எம்மிடம் வந்த மாணவர்களோ பங்குனியிற் புறப்படுகிறார்கள். முதற் போத்தல் இப்போது எமது மேசையில் இருக்கிறது. இரண்டு நாளாகியும் வியர்க்கவில்லை.