சிசி கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் பெண்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்து பார்க்கும் ஒரு சோதனை உண்டு. மெல்லிய காலுறைக்குள் அரிசியைக் கொட்டி முடிந்து, பிராவுக்குள் வைத்து, மேலே சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது. ஒரு கோப்பை அரிசி ஏறக்குறைய 240 சிசி. இரண்டு நாள் அப்படியே நடமாடினால் பாரமும் பிடிபடும். சில மருத்துவர்களே செய்து பார்க்கச் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் அரிசிப் பை பிராவுக்குள் உட்காருகிறது, இம்ப்ளான்ட் தோலுக்குள் உட்கார வேண்டும். பிரா நெகிழும். விலா எலும்பு நெகிழாது.

5 அடி உயரம், 45 கிலோ எடை. நம் ஊரில் இது ஒன்றும் அபூர்வமான உடம்பு இல்லை. இப்படிப்பட்ட சின்ன உடம்புக்காரர்கள் மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, “எத்தனை சிசி வைக்கலாம்?” தோழிக்கு 325 வைத்தார்கள், நன்றாக இருக்கிறது, எனக்கும் அதையே வையுங்கள் என்பார்கள். ரவிக்கை தைக்கப் போனால் தையல்காரர் உங்கள் அளவு ஜாக்கெட்டைத்தான் கேட்பார், தோழியுடையதை அல்ல. அவராவது பிடித்தால் பிரித்துவிடுவதற்கென்று உள்ளே கொஞ்சம் துணி விட்டுவைப்பார். இங்கே அந்த வசதியும் கிடையாது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி சென்டிமீட்டரில் இருக்கிறது. நெஞ்செலும்பின் ஓரத்தில் மார்பகம் தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் அது முடியும் இடம் வரை உள்ள அகலத்தை மருத்துவர் அளப்பார். இதுதான் அடித்தள அகலம். ஒருத்திக்கு இது 11 சென்டிமீட்டர் என்றால், 13 சென்டிமீட்டர் அகலமான இம்ப்ளான்ட்டை எவ்வளவு திறமையான கையாலும் அங்கே ஒழுங்காக உட்காரவைக்க முடியாது. ஒன்று, அக்குள் பக்கம் பிதுங்கி, கையைத் தொங்கவிட்டால் இடிக்கும். அல்லது இரண்டும் நடுவில் நெருங்கி, நெஞ்சின் பள்ளமே காணாமல் போகும். இந்த இரண்டாவதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கஷ்டம்.

அப்படியானால் சின்ன உடம்புக்குப் பெரிய அளவே கிடையாதா? இருக்கிறது, அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒரே 300 சிசி, அகலமாகத் தட்டையாகவும் வரும், குறுகலாக முன்னே துருத்திக்கொண்டும் வரும். குறுகலான மார்புக்கு இந்த இரண்டாம் வகையைத்தான், ‘ஹை ப்ரொஃபைல்’ என்று சொல்லி, பெரும்பாலும் காட்டுவார்கள். அகலம் பொருந்திவிடும். ஆனால் அவ்வளவு பருமனும் ஒரே இடத்தில் முன்னோக்கி அழுத்துகிறது. மெல்லிய தோலும் அதன் அடியில் உள்ள கொஞ்சநஞ்சத் திசுவும் வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தில் இன்னும் மெலிந்துபோகும். மெலிந்த திசு, இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டாலும் முழுதாகத் திரும்பி வராது. சிலிகான் இம்ப்ளான்ட் 300 சிசி என்றால் எடையும் கிட்டத்தட்ட 300 கிராம்; இரண்டு பக்கமும் சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல். தாங்குவது அந்தத் தோல்தான்.

அடுத்த அளவு இன்னும் எளிது. மார்பகத்தின் மேல்பகுதியை மருத்துவர் இரு விரலால் கிள்ளிப் பார்ப்பார். கிள்ளிய தடிமன் 2 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால், இம்ப்ளான்ட்டை மார்புத் தசைக்கு அடியிலோ, மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்பாதி சுரப்பிக்கு அடியிலுமாகவோ வைப்பது வழக்கம். ஒல்லியானவர்களுக்குத் தசைக்கு மேலே வைத்தால் விளிம்பு வெளியே தெரியும், தோலில் அலை அலையாக மடிப்பு விழும். உப்புநீர் நிரப்பிய வகையில் இந்த மடிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். தசைக்கு அடியில் வைப்பதிலும் ஒரு சங்கடம்: சப்பாத்தி மாவு பிசையும்போதோ குடத்தைத் தூக்கும்போதோ தசை இறுகி, மார்பகம் ஒருபக்கமாக இழுபடலாம். அளவைப் பற்றி இன்னொன்று: ‘கப் அளவு சி வரும், நான் கேரண்டி’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கப் அளவு பிரா கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

உடம்பின் வேறு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் செலுத்தும் முறை ஒன்று உண்டு. ஒல்லியானவர்களிடம் எடுப்பதற்குக் கொழுப்பே இருக்காது என்பதுதான் அதில் உள்ள வேடிக்கை.

இனி, விளம்பரத்தில் வராத விஷயங்கள். இம்ப்ளான்ட் ஆயுட்காலப் பொருள் அல்ல. ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரும், அந்தச் செலவும் உங்களுடையதே. அதைச் சுற்றி உடம்பு ஓர் உறையைக் கட்டும். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பகம் கல்லாகி வலிக்கும். சிலிகான் இம்ப்ளான்ட் உள்ளேயே கிழிந்து எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., அறுவை முடிந்த 5-6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ, பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரைக்கிறது. காம்பில் உணர்ச்சி குறையலாம், தாய்ப்பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம். மேமோகிராம் எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அழகுக்காக சிலிகான் வகையை வைக்க எஃப்.டி.ஏ. விதித்த குறைந்தபட்ச வயது 22, உப்புநீர் வகைக்கு 18. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதுவரை தள்ளிப்போடுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். கர்ப்பமும் பாலூட்டலும் மார்பகத்தையே மாற்றிவிடும், அளந்த அளவெல்லாம் வீணாகும்.

சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்டுகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாவது தெரியவந்து, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் ‘பயோசெல்’ வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்கு முன்பே பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகானை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமாகி, நிறுவனர் 2013-ல் சிறைத்தண்டனை பெற்றார். சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்பில் அது இருந்தது. இந்த இரண்டு சமயத்திலும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே: என் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனி, எந்த வகை, எந்த பேட்ச்?

ஆகவே உரிமை என்பது முதலில் காகிதம். இம்ப்ளான்ட் பெட்டியில் கம்பெனி பெயர், மாதிரி, பேட்ச் எண், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும், ஒன்று உங்களிடம் தரும் இம்ப்ளான்ட் அட்டையில். வெளிநாட்டு இம்ப்ளான்ட் என்றால் மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் இறக்குமதி உரிமம் கட்டாயம். அறுவைக்கு முன்பே அதைப் பார்க்கக் கேட்கலாம். செய்பவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, அந்த இடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். அழகு நிலையத்தின் பின்னறை அறுவை அரங்கு ஆகாது.

ஒப்புதல் படிவத்தை அறுவையன்று காலையில் கையில் திணித்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நோயாளி புரிந்துகொண்டு தரும் சம்மதமே சம்மதம், ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வயதுவந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து வேண்டும் என்பது ஆஸ்பத்திரிகளின் பழக்கம், சட்டம் அல்ல. ‘முன்-பின்’ படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனிச் சம்மதம் கேட்க வேண்டும், மறுக்கலாம்.

பில் வாங்குங்கள். வெறும் அழகுக்கான அறுவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறோம்’ என்பார்கள். பிறகு வழக்கு என்று வந்தால் பில் இல்லாததுதான் முன்னே வந்து நிற்கும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் செலுத்திய சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும். செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கால வரம்பு 2 ஆண்டு. முதலில் வழிகேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. மருத்துவரின் நடத்தை மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். பொருளே பழுது என்றால், காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருத்துவக் கருவி கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே புகார் அனுப்பலாம்.

கத்தியே வேண்டாம், மாத்திரையும் எண்ணெயும் போதும் என்ற விளம்பரங்கள் தனி ரகம். 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் பெண்ணின் மார்பக வடிவமும் இருக்கிறது. அதை மாற்றும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். எழுபது வருடச் சட்டம். விளம்பரங்கள் மட்டும் ஓயவில்லை.

பணம் இல்லாதவர்கள்? 2018-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இந்த அறுவைக்கான இலவசப் பிரிவு தொடங்கியபோது, ஏழைக்கு அழகு சிகிச்சை ஏன் கூடாது என்றார் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர் காக்கப் போக வேண்டிய பணம் என்று எதிர்ப்பும் எழுந்தது. கடன் வாங்கி ஏதோ ஒரு பின்னறைக்குப் போவதைவிட இது மேல் என்றே எனக்குப் படுகிறது. ஒன்று மட்டும்: எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் இடத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று வேறு வழிதான்.

ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை நகைச் சீட்டும் பத்திரமும் வைக்கும் பையிலேயே போட்டுவையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். ஐந்தாம் வருடம் ஸ்கேன் எடுக்கப் போகும்போது அறுவை செய்த மருத்துவர் ஊரைவிட்டே போயிருக்கலாம். ஸ்கேன் எடுப்பவர் கேட்கப்போவது, “என்ன கம்பெனிம்மா, எந்த வருஷம் வெச்சது?”