ஹீட் பம்ப் கணக்கு: வெளியே எத்தனை டிகிரி?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க, கேஸ் பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் பொருத்துகிறார்கள். நம் ஏசி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டு வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதே சி.ஓ.பி. எனப்படும் எண்.

லண்டனில் அண்ணன் வீட்டில் இந்த எண் 3.6. ஸ்காட்லாந்தில் தம்பி வீட்டில் 2.8 என வைத்துக் கொள்வோம். தம்பியின் மெஷின் மட்டமானதா? அவசரப்பட வேண்டாம். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, இறைக்கும் வேலை கூடும் அல்லவா? வெளியே குளிர் கூடினால் ஹீட் பம்ப்பிற்கும் அப்படித்தான். விளம்பரத்தில் தரப்படும் எண் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, ரேடியேட்டருக்குச் செல்லும் நீர் 35 டிகிரி என்ற நிலையில் சோதித்தது. எனவே வெளி வெப்பநிலையைச் சேர்க்காமல் ஒப்பிடுவது வீண். இதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் செய்திடலாம்.

ஏ நெட்டு வரிசையில் தேதி, பி-யில் அன்றைய சராசரி வெளி வெப்பநிலை, சி-யில் மின்சாரம், டி-யில் கிடைத்த வெப்பம் என டைப் செய்திடவும். ஈ-யில் டி-யை சி-யால் வகுக்கும் பார்முலா அமைக்கவும்.

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு நாள் வெளியே 10 டிகிரி. 5 யூனிட் மின்சாரத்தில் 20 யூனிட் வெப்பம். சி.ஓ.பி. 4. மறுநாள் 0 டிகிரி. 24 யூனிட்டில் 60 யூனிட் வெப்பம். சி.ஓ.பி. 2.5. இரண்டின் சராசரி 3.25 என்று எழுதினால் தவறு. மொத்த வெப்பம் 80. மொத்த மின்சாரம் 29. வகுத்தால் சுமார் 2.76 தான்.

வெப்பநிலைக்கும் இதே கதைதான். இரு நாள் சராசரி 5 டிகிரி. ஆனால் வெப்பத்தில் முக்கால் பங்கு குளிர்ந்த நாளில் தேவைப்பட்டது. ஒவ்வொரு நாளின் டிகிரியையும் அன்றைய வெப்பத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த வெப்பத்தால் வகுத்தால் 2.5 டிகிரி வருகிறது. மெஷின் உண்மையில் உழைத்த குளிர் இதுதான்.

அந்த டிகிரி எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். வெளி யூனிட்டில் உள்ள சென்சார், யூனிட் ஊதும் குளிர்ந்த காற்றாலோ வெயிலாலோ ஏமாறலாம். இரு வீட்டிற்கும் அருகிலுள்ள வானிலை நிலையத் தகவலைப் பயன்படுத்துவது நல்லது. 0 முதல் 5 டிகிரி வரையிலான ஈரக் காற்றில் காயிலில் பனி படியும். அதை உருக்கவும் மின்சாரம் செலவாகும். ஆகவே ஒரே டிகிரியிலும் எண் சற்று மாறலாம்.

இறுதியாக, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி பி, ஈ வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேட்டர் சார்ட் வரையவும். அண்ணன் வீட்டிற்கு ஒரு நிறம், தம்பி வீட்டிற்கு வேறு நிறம். ஒரே டிகிரியில் இரு வீட்டுப் புள்ளிகளும் ஒட்டி இருந்தால் மெஷினில் குறையில்லை, ஊர்தான் குளிர். எல்லா டிகிரியிலும் தம்பியின் புள்ளிகள் கீழே இருந்தால், முதலில் ரேடியேட்டர் நீரின் வெப்பத்தைச் சரி பாருங்கள். தேவைக்கு மேல் சூடாக வைத்திருந்தால் குறைத்தாலே எண் உயரும். அதன் பிறகு மெக்கானிக்கை அழைக்கலாம். புது மெஷினுக்குப் பணம் கட்டும் முன் இந்தச் சார்ட்டைப் பார்த்துவிடுங்கள்.