கரும்புக்குப் புத்துயிர் அளித்தவர்

கரணை வைத்தே கரும்பு நடும் குடியானவருக்கு, அதற்கு விதையும் உண்டென்பது வியப்பளிக்கலாம். கோயமுத்தூரில் கரும்பு பூத்து விதை பிடிக்கும். ஆகவே 1912-ம் ஆண்டில் பார்பர் துரையின் தலைமையில் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அவருக்கு உதவியாளராயிருந்து, பின்னர் அந்நிலையத்தின் தலைமையை ஏற்றவர் ஸர் டி. எஸ். வெங்கட்ராமன் (1884–1963).

அக்காலத்தில் வட இந்தியக் கரும்பு மெலிந்தது, மகசூலும் சொற்பம். தென்னாட்டுத் தடிக்கரும்போ அங்குள்ள குளிரைத் தாங்காது. ஆதலால் ‘வெள்ளை’ என்னும் தடிக்கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்தனர். இனிப்பு ஒன்றினிடமிருந்தும், உறுதி மற்றொன்றினிடமிருந்தும் வந்தன. அக்கலப்பில் பிறந்த கோ. 205 1918-ல் பஞ்சாபுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் தோன்றிய கோ. 419 தென்னாட்டு வயல்களில் பரவிற்று.

இவ்வேலையில் கடலூருக்கும் பங்குண்டு. கோ.சி. 671 என்னும் இரகத்தின் பெயரில் ‘கோ’ கோயமுத்தூரையும், ‘சி’ கடலூரின் ஆங்கிலப் பெயரையும் குறிக்கும். கடலூர் நிலையத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட அக்கரும்பு விரைவில் முதிர்வது. சர்க்கரைச் சத்து மிகுந்தது. எனினும் செவ்வழுகல் நோய்க்கு அது தப்பவில்லை.

அந்நோய் கரணை வழியே பரவும். கரும்பைப் பிளந்தால் உட்சதை சிவந்து, இடையிடையே வெண்திட்டுக்கள் தோன்றிப் புளித்த வாடை வீசும். அத்தகைய வயலிலிருந்து ஒரு கரணையும் எடுத்தலாகாது, மறுதாம்பும் விடலாகாது. நோய்கண்ட தூர்களைத் தோண்டி எரித்து, அடுத்து நெல் பயிரிடுதல் நன்று. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு அளிப்போருக்குக் கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். நிபுணர் பல்லாண்டு உழைத்து உண்டாக்கிய இரகம் நிலைப்பதும் அழிவதும் கரணை பொறுக்கும் கையில் இருக்கின்றது.