வீட்டைக் காலி செய்யுமுன்

புது வீட்டுக்குக் குடிபோவதென்றால் நம் குடும்பங்களில் எத்தனை ஏற்பாடு! பஞ்சாங்கம் பார்க்கிறோம், நல்ல நேரம் குறிக்கிறோம், நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் முன்னே செல்லப் பால் காய்ச்சிய பிறகே பாயை விரிக்கிறோம். அதே குடும்பம் பழைய வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியையும் நான் பார்த்திருக்கிறேன். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகே பல வீட்டுக்காரர்களுக்குச் செய்தி தெரிகிறது.

நான் 34 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் ஊர் மாறியவன் ஆகையால், வாடகை வீட்டில் புகுவதும் அதை விடுவதும் எனக்குப் பழகிப்போன பாடங்கள். அந்தப் பாடத்தில் முதல் தேர்விலேயே நான் தவறினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1986ஆம் ஆண்டில் கும்பகோணத்தில், தனியாக வாழ்ந்த ஓர் அம்மாளின் ஓட்டு வீட்டில் பின்கட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். மாத வாடகை 200 ரூபாய். முன்பணம் 600 ரூபாய். ஜூன் 26ஆம் தேதி பட்டுக்கோட்டைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அன்று மாலையே அம்மாளிடம் சென்று, முதல் தேதி வீட்டைக் காலி செய்வதாகவும், முன்பணத்தைத் தரவேண்டும் என்றும் கூறினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்ன வாத்தியார் தம்பி, ஆடி பிறக்க இருபது நாள்தானே இருக்கிறது? இனி ஆவணிக்கு முன்னால் யார் பால் காய்ச்ச வருவார்கள்?" என்று கேட்டார்.

உத்தரவு இன்றுதான் வந்தது, நான் என்ன செய்வது என்றேன். அது உண்மையே. ஆனால் அந்த மாற்றலை வேண்டி ஏப்ரல் மாதத்திலேயே மனுச் செய்தவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. மாற்றல் கிடைக்காமற்போனால் இருக்கும் வீட்டையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சந்தான் காரணம். முன்பணத்தைக் கொண்டு அவர் கோடைக்கு முன் ஓடு மாற்றியிருந்தார். புது ஊரில் நான் முன்பணம் கட்டவேண்டுமே என்று வற்புறுத்தினேன். இரண்டு நாள் கழித்து 600 ரூபாயையும் ஒரு காசு குறையாமல் எண்ணிக் கொடுத்தார். கணக்குச் சரியாக முடிந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு வண்டி ஏறினேன்.

ஆவணி மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் வாங்கக் கும்பகோணம் போனவன், பழைய தெருவையும் எட்டிப் பார்த்தேன். பின்கட்டு பூட்டியே கிடந்தது. அம்மாள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து எனக்குப் பணம் கொடுத்த செய்தியை அடுத்த வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த சம்பளத்தில் ஜூலை மாத வாடகையென்று 200 ரூபாயை மணியார்டரில் அனுப்பினேன். கூப்பனில் எழுத இடமிருந்தது. என்ன எழுதுவதென்று எனக்குத் தோன்றவில்லை.

மாணவர்களே, இந்த நிகழ்ச்சியில் ஒரு பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. நாம் கொடுக்கும் முன்பணம் வீட்டுக்காரரின் பெட்டியில் அப்படியே உறங்குவதில்லை. அது ஓடாகவும் சுண்ணாம்பாகவும் பிள்ளையின் படிப்புச் செலவாகவும் மாறிவிடுகிறது. சிறு வீட்டுக்காரர்கள் பெரும்பாலோர் அடுத்துக் குடிவருபவர் தரும் முன்பணத்தை வாங்கித்தான் நமக்குத் திருப்பித் தருகிறார்கள். அவர் அந்த அடுத்த ஆளைத் தேடிக்கொள்ள வேண்டிய காலமே முன்னறிவிப்புக் காலம். அதைக் குறைத்தால் நம்முடைய பணம் வரும் வழியையே நாம் அடைத்தவர்களாகிறோம். மார்கழியிலும் ஆடியிலும் வீடு மாறுவோர் நம் நாட்டில் குறைவு. ஆகவே ஆனிக் கடைசியில் விடப்படும் வீடு ஆவணி வரை காலியாகக் கிடப்பது வழக்கம். இந்தக் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வீட்டுக்காரருடைய மனத்தில் மட்டும் உண்டு.

சட்டம் சொல்வது என்ன? 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 106ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தமோ அந்தந்த இடத்துக்குரிய தனிச் சட்டமோ வழக்கமோ இல்லாதபோது, குடியிருப்பதற்காக எடுத்த வீடு மாதவாடகைக்கு விடப்பட்டதாகவே கருதப்படும். அத்தகைய வாடகையை இரு தரப்பாரில் எவரும் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். முற்காலத்தில் அந்த 15 நாளும் வாடகை மாதத்தின் இறுதியோடு முடியவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. முதல் தேதியில் மாதம் தொடங்கும் வீட்டுக்கு 26ஆம் தேதி சொன்ன என் அறிவிப்பு ஜூலை முடிவுக்கே செல்லும். ஆகையால் ஜூலை மாத வாடகையை அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தால் சட்டம் அவர் பக்கமே நின்றிருக்கும். அந்த நிபந்தனையை 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. இப்போது அறிவிப்பு எதிர்த்தரப்பாரின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கணக்கிடப்படும். நாம் எழுதிய நாள் கணக்கில் வராது. ஆகவே இரண்டு மூன்று நாள் கூட்டியே கொடுப்பது நலம்.

இந்த 15 நாளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு யாரும் வீட்டுக்காரரிடம் வாதாடப் போய்விட வேண்டா. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்றோ இரண்டு மாதம் என்றோ எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் அதுவே நம்மைக் கட்டுப்படுத்தும். கையொப்பமிடும் நாளில் வாடகைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, இந்த வரியைப் படிக்காமலே தாளைத் திருப்புகிறவர்களே அதிகம்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் இருந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்று அது விதிக்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. குடியிருந்தவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தரவேண்டிய பாக்கி ஏதேனுமிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதைத் திருப்பித் தரவேண்டும்.

முன்னறிவிப்பை வாயால் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அது எழுத்தில் இருக்கவேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கையொப்பமிடவேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். 'நோட்டீஸ்' என்றாலே வக்கீல், வழக்கு, மனத்தாங்கல் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பெரியவரிடம் கடிதம் நீட்டுவது மரியாதைக் குறைவென்றும் சிலர் நினைக்கிறார்கள். நேரில் போய், நலம் விசாரித்து, செய்தியை வாயால் சொல்லிவிட்டு, பிறகு கடிதத்தைக் கொடுத்தால் மரியாதை எங்கும் குறைந்துவிடாது. கடிதத்துக்கு அலங்காரம் வேண்டுவதில்லை:

"ஐயா, வணக்கம். தங்களுக்குச் சொந்தமான இன்ன முகவரியுள்ள வீட்டில் இன்ன தேதி முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். இன்ன தேதியன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க எண்ணியுள்ளேன். இதனை முன்னறிவிப்பாக ஏற்றுக்கொண்டு, தங்களிடமுள்ள முன்பணம் இவ்வளவு ரூபாயைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டுகிறேன்."

இதை இரண்டு படிகள் எழுதுங்கள். ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வெளியூரிலிருந்தால் தபாலில் அனுப்பலாம். பழைய பதிவுத் தபால் 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அனுப்பிய ரசீதையும், கடிதம் கிடைத்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் அனுப்பும் செய்தி நினைவூட்டலுக்கு உதவும். கையொப்பமிட்ட கடிதத்துக்கு அதை ஈடாக நான் கருதமாட்டேன்.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் தனியாக ஓர் இடர் உண்டு. என்னிடம் படித்த பையன் ஒருவன் கோயம்புத்தூரில் மூன்று தோழர்களோடு வீடு எடுத்திருந்தான். ஒப்பந்தம் அவன் பெயரில் மட்டும் இருந்தது. தேர்வு முடிந்ததும் மூவரும் ஆளுக்கொரு ஊருக்குப் பறந்துவிட்டனர். காலி செய்வதாக வாடகை வாங்க வந்தவரிடம் ஒருவன் சொன்னானாம். அவர் அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இரண்டு மாத வாடகை இவன் தலையில் விழுந்தது. அவன் என்னிடம் வந்த அன்றே உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அதற்குமேல் வாடகை ஏறாமல் அந்தக் கடிதம் காத்தது. கடந்துபோன மாதங்களை அதனால் மீட்க முடியவில்லை. நால்வர் சேர்ந்து குடியிருந்தால் நால்வர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விடும்போது நால்வரும் கையொப்பமிடுங்கள்.

குறித்த தேதிக்கு மேல் சில நாள் தங்க நேர்ந்தால் அதற்கும் ஒரு வரி எழுதி உடன்பாடு பெறவேண்டும். பேசாமல் தங்கி அடுத்த வாடகையையும் கொடுத்து, அவரும் வாங்கிக்கொண்டால், முதலில் கொடுத்த அறிவிப்பு கைவிடப்பட்டதாகக் கொள்ள இடமுண்டு. கடைசி மாதங்களின் வாடகையைக் கட்டாமல், 'முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று நாமாகவே முடிவு செய்வதும் கூடாது. அவர் இசைந்தால் செய்யலாம். அந்த இசைவையும் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் பெரும்பாலும் சுவர்தான் சண்டைக்குக் காரணமாகிறது. நாம் பெற்ற நிலையில் வீட்டைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் நியாயமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்துக்கு நாம் பொறுப்பல்லோம் என்று சட்டம் கூறுகிறது. மூன்று ஆண்டில் மங்கிய சுண்ணாம்பு தேய்மானம். நாம் உடைத்த கண்ணாடி தேய்மானம் ஆகாது. 'வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை' என்று பிடித்துக்கொள்ளும் வழக்கம் நகரங்களில் பரவியிருக்கிறது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிராவிட்டால், என்ன செலவு என்று பணிவாகக் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கெடுக்கப்படுவதால், போகும் நாளில் மீட்டர் எண்ணை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வீட்டுக்காரர் கையில் சாவி சேர்ந்தால்தான் வீடு அவரிடம் சேர்ந்தது.

பட்டுக்கோட்டை வீட்டை 1991இல் விட்டபோது, ஏப்ரல் முதல் தேதியிலேயே கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். "நாங்கள் ஏதாவது குறை வைத்துவிட்டோமா, சார்?" என்று கேட்டார். கும்பகோணத்துக் கதையைச் சொன்னேன். அதன் பிறகே பேனாவை எடுத்தார். அவர் கையொப்பமிட்ட படி இன்றும் என் கோப்பில் இருக்கிறது. 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குக் கீழே, கொல்லையில் நான் வைத்த முருங்கை பூத்திருப்பதாகவும், காய் பறித்துக்கொண்டே போகலாம் என்றும் எழுதியிருக்கிறார்.